ஐசவுசுக்குப் பக்கத்துத் தெருவில் ஐஸ் பெட்டி இல்லாத வீடு

ஒரு வாசகரின் கேள்வி, 9 மே 2024

அமெரிக்காவில் ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு மரத்தால் செய்த ஐஸ் பெட்டி இருந்ததாம். ஐஸ்காரர் வந்து பாளத்தை வைத்துவிட்டுப் போவாராம். குளிருக்கு நிலக்கரிக் கணப்பாம். நம் ஊரில் இதெல்லாம் கிடையவே கிடையாது. மண்பானையிலிருந்து நேராக ஃப்ரிட்ஜுக்குத் தாவியவர்கள் நாம் என்கிறேன். 1950, 60களைப் பார்த்தவர்கள் இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

9 மே, இரவு

பாதி சரி. நான் 1953ல் பிறந்தவன். திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோர் வீடு. நடுவில் முற்றம், சுற்றி ஏழு குடித்தனம், எல்லோருக்குமாக ஒரு கிணறு, ஒரு குழாய். ஏழு வீட்டில் ஒன்றிலும் ஐஸ் பெட்டி கிடையாது. ஆனால் எங்களுக்கு ஐஸே தெரியாது என்றால் தெருவே சிரிக்கும். பஸ் ஸ்டாப்பின் பெயரே ஐஸ் ஹவுஸ். எங்கள் வாயில் ஐசவுசு.

ஐஸ் வீட்டுக்குள் வர மூன்று காரணம்தான் உண்டு: ஜுரம், கல்யாணம், சாவு. ஜுரத்துக்கு நான்தான் ஓடுவேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சோடாக் கடைக்குப் போய் இரண்டணாவுக்கு ஐஸ் கேட்பேன். கடைக்காரர் சாக்கைத் தூக்கி, மரத்தூளை ஒதுக்கி, ஊசிமாதிரி ஒரு கம்பியால் நாலு குத்து குத்துவார். பொக்கென்று துண்டு பிரியும். அதை வீடு சேர்ப்பதற்குள் வாளிக்குள் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரையும் கீழே ஊற்ற விடமாட்டாள் பாட்டி. நெற்றித் துணி நனைக்க ஆகுமாம்.

சாவு ஐஸைப் பற்றி இப்போது வேண்டாம்.

10 மே

ஐசவுசு கதையை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃப்ரெடரிக் டூடர் என்று ஒரு பாஸ்டன் வியாபாரி. மாசசூசெட்ஸ் ஏரிகளும் குளங்களும் குளிரில் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, கப்பலில் அடுக்கி, வெயில் ஊர்களுக்கு விற்றவர். 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. பூமத்திய ரேகையை இரண்டு தரம் தாண்டி, நாலு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது கிட்டத்தட்ட நூறு டன் மிச்சம் இருந்தது. நான் சோடாக் கடையிலிருந்து வீடு வருவதற்குள் பாதியைத் தொலைத்தவன். அந்த மாலுமிகளுக்கு என் நமஸ்காரம்.

சென்னையில் அந்த ஐஸை வைத்த கிடங்குதான் ஐசவுசு, 1842ல் கட்டியது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. சரக்கெல்லாம் படகில்தான் கரை ஏற வேண்டும். அதனால்தான் கடலை ஒட்டியே அந்த வட்டக் கட்டடம். வெள்ளைக்காரர் வீட்டுக் கோப்பைக்கும் வைத்தியத்துக்கும் போனதே தவிர, சாமானியர் அடுக்களைப் பக்கம் அந்த ஐஸ் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. 1870களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் டூடர் வியாபாரம் படுத்தது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி, வீடாக மாற்றி, நீதிபதி கெர்னன் பெயரில் காசில் கெர்னன் என்று பெயர் வைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். அப்புறம் சிஸ்டர் சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை அங்கே நடத்தினார். 1963ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. பஸ்ஸில் ஏறி விவேகானந்தர் இல்லம் என்று டிக்கெட் கேட்ட ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை.

10 மே, சற்று நேரம் கழித்து

சோடாக் கடை ஐஸ் நடுவில் வெள்ளையாக, பஞ்சு அடைத்தமாதிரி இருக்கும். ஓரம் மட்டும் கண்ணாடி. அழுக்குத் தண்ணீர் என்று பாட்டி முகம் சுளிப்பாள். அழுக்கில்லை. ஃபாக்டரியில் தகர அச்சில் தண்ணீரை ஊற்றி, குளிர்ந்த உப்புநீருக்குள் இறக்கி வைப்பார்கள். நாலு பக்கமும் முதலில் உறையும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்பும் ஒதுங்கி ஒதுங்கி நடுவுக்கு வந்து மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்தப் பஞ்சு. ஏரி மேலிருந்து கீழாக உறைவதால் காற்று அடித் தண்ணீருக்கே போய்விடும். டூடர் ஐஸ் தெளிவாக இருந்ததற்கு அது ஒரு காரணம்.

11 மே

ஐஸ் பெட்டி இல்லாமல் பாலை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டவருக்கு: வைக்கவில்லை.

காலைப் பாலை மூன்று வேளை காய்ச்சுவாள் அம்மா. ராத்திரி மிச்சம் உறைக்குப் போகும். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. வெண்ணெய் தண்ணீரில் மிதக்கும், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. வலை பீரோ ஒன்று இருந்தது. அதன் நாலு காலும் நாலு தண்ணீர்க் கிண்ணத்துக்குள், எறும்பு ஏறாமலிருக்க. அமெரிக்கர் ஐஸ் பெட்டியில் பாலைப் பாலாகவே வைத்தார்கள். எங்கள் வீட்டில் பால் போகிற வழியிலேயே அதன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த ஐஸ் பெட்டிக்கு அடியில் உருகின தண்ணீருக்கு ஒரு தட்டு இருக்குமாம். மறக்காமல் கொட்டாவிட்டால் தரையெல்லாம் வெள்ளம். எங்கள் எறும்புக் கிண்ணத்திலும் தண்ணீர் வற்றிப்போனால் மறுநாள் சர்க்கரை டப்பா கறுப்பாகிவிடும். ஊருக்கு ஊர் ஒரு கிண்ணம்.

12 மே

நிலக்கரிக்கு வருகிறேன். எங்களுக்குக் கரி என்றால் அடுப்புக்கரி. விறகுத் தொட்டியில் சவுக்கு விறகும் கரி மூட்டையும் சேர்ந்தே கிடைக்கும். காப்பி, டிபன், ராத்திரி ரசம் எல்லாம் குமுட்டி அடுப்பில். சாதம் மட்டும் விறகில். காலை ஐந்து மணிக்கு முற்றத்தில் குமுட்டி பற்றவைப்பார்கள். ஏழு குடித்தனத்து ஏழு குமுட்டியும் வரிசையாக. பனையோலை விசிறி பட்பட்டென்று அடிக்கும், பொறி சடசடவென்று பறக்கும், கரியெல்லாம் சிவந்ததும் இடுக்கியால் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள். அந்தத் தணலில் சுட்ட அப்பளம், அந்தக் காப்பியின் மணம்! இப்போது ஸ்விட்சைத் தட்டினால் காப்பி வருகிறது, அந்த மணம் மட்டும் வருவதில்லை. அது ஒரு பொற்காலம்.

13 மே

அக்கா திருச்சியிலிருந்து போன் செய்தாள். என்னைவிட ஏழு வயது பெரியவள். அவள் பெண் இந்த இழையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். முக்கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"டேய், அஞ்சு மணிக்கு முற்றத்துல பற்றவெப்பாங்கன்னு எழுதியிருக்கியே, யாருடா 'வெப்பாங்க'? பத்து வயசுலேர்ந்து நான் வெச்சேன். நீ ஆறரைக்கு எழுந்து காப்பி குடிச்சே. மணமாம் மணம். மழைக்காலத்துல கரி நமுத்துப் போயிருக்கும். தேங்கா நாரு, மண்ணெண்ணெய்த் துணி எல்லாம் வெச்சுப் பார்த்தாலும் பிடிக்காது. வீசி வீசித் தோள்பட்டை கழண்டுபோகும். பாவாடையில பொறி விழுந்து விழுந்து ஓட்டை. ஸ்கூல்ல என் பாவாடையைப் பார்த்து சல்லடைன்னு கூப்பிட்டாங்க. அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது.

"இன்னொண்ணு. மூட்டையில அடியில தங்கின கரித்தூளைச் சாணியோட பிசைஞ்சு உருண்டை பிடிச்சு வெயில்ல காயவெப்பேன். அந்தக் கையை எத்தனை தேய்ச்சாலும் நகக்கண்ணு கறுப்பு போகாது. என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அம்மா எலுமிச்சம்பழத் தோலை வெச்சுத் தேய்ச்சா. இதையும் எழுது."

எழுதிவிட்டேன். பொற்காலம் என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்பளத்தை வாங்கவில்லை.

13 மே, இரவு

இன்னொரு திருத்தமும் அக்காதான்: இரண்டணா என்று எழுதியது தப்பாம். 1957லேயே நயா பைசா வந்துவிட்டது, நான் ஐஸுக்கு ஓடிய வயதில் பன்னிரண்டு நயா பைசா கொடுத்திருப்பேன். கொடுத்தது அதுதான். ஆனால் கேட்டது இரண்டணாவுக்குத்தான். 1965 வரைக்கும் அப்பாவின் வாயிலும் கடைக்காரர் வாயிலும் அணாதான். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

15 மே

நேற்று முழுக்க ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மரத்தூள்.

எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பும் ஒன்று உண்டு. கரி விலை ஏறும்போதெல்லாம் அது வெளியே வரும். பழைய டின் ஒன்று, பக்கவாட்டில் அடியில் ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி பாட்டிலைத் தொடவைத்து, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். பாட்டிலை மெல்லத் திருகி உருவினால் நடுவில் குழாய்மாதிரி வழி. கட்டையையும் உருவிவிட்டு அந்த ஓட்டையில் நெருப்பு வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விசிறவே வேண்டாம். சரியாகக் கெட்டிக்காவிட்டால் பாதிச் சமையலில் பொதபொதவென்று சரியும். அப்புறம் புகை, இருமல், அப்பாவுக்கு ஆபீஸ் லேட்.

சா மில்லிலிருந்து சாக்கில் அந்தத் தூளைக் கொண்டுவருவது என் வேலை. (அக்கா, கவனிக்கவும். நானும் வேலை செய்தேன்.) அதே மில்லுக்கு ஐஸ் கடைக்காரரும் வருவார். அதே குவியல்தான். அவர் சாக்கில் போனது ஐஸை உருகாமல் காத்தது, என் சாக்கில் வந்தது அடுப்பில் எரிந்தது. தூளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெளிச் சூட்டை ஐஸுக்குப் போகவிடாது. அதே தூளைக் கெட்டித்து வைத்தால் உள்ளே காற்று போக வழியில்லாமல் நிதானமாகக் கனன்றுகொண்டே இருக்கும். ஐஸ் கடைக் கதையும் எங்கள் அடுப்புக் கதையும் ஒரே சாக்கு என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைக்கிறது.

16 மே

குன்னூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: நீங்கள் கணப்பே போட்டதில்லையா என்று. சென்னையில் எதற்குக் கணப்பு? மார்கழியில் பாட்டி காலை நீட்டிக்கொண்டு குமுட்டிப் பக்கத்தில் உட்காருவாள், அவ்வளவுதான். பிள்ளை பெற்றவள் அறையில் வைப்பதுண்டு. குழந்தை தலைக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, தணலை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

அதில் ஒரு விபத்து தப்பியது. மழை நாளில் மூன்றாம் குடித்தனத்து மாமி ஜன்னல் கதவெல்லாம் சாத்திக்கொண்டு பெண்ணோடும் பேத்தியோடும் குமுட்டியை உள்ளே வைத்துப் படுத்துவிட்டாள். ராத்திரி தலை சுற்றி, வாந்தி வந்து எழுந்தவள் கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள். கண் பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள், அதுவும் அதே குமுட்டியில்! கண்ணும் இல்லை, பேயும் இல்லை. புகை அடங்கிச் சிவந்த தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மலைப் பக்கம் குளிருக்குக் கரி போட்டு மூடிய அறையில் தூங்கிச் செத்தவர்கள் செய்தி இன்றைக்கும் வருகிறது. குன்னூர்க்காரரே, கரித் தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

18 மே

நிலக்கரி எங்களிடம் வரவே இல்லை என்று முதல் நாள் எழுத இருந்தேன், நல்லவேளை எழுதவில்லை. லெகோவை மறந்தே போனேன்.

நெய்வேலியில் 1961ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அது பூமியிலிருந்து வரும்போது எடையில் பாதி தண்ணீர். அப்படியே அடுப்பில் போட்டால் கண் அவிந்துவிடும். அதனால் உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்டு எடுப்பார்கள். அதுதான் லெகோ. புகை கிடையாது. கரிக்கடையில் மூட்டையாக வரும். எங்கள் வீட்டுக்கு அறுபதுகளின் கடைசியில் வந்தது. ஆக, வீட்டில் நிலக்கரி எரித்தவர்கள்தான் நாங்களும். என்ன, கேள்வி கேட்டவர் சொல்கிற மாதிரி குளிருக்கு இல்லை, உலைக்கு.

அக்காவின் தீர்ப்பு: "பிடிக்க அரை மணி, அணைய ஒரு யுகம்." பிடித்துவிட்டால் மூன்று பேர் சமையலை ஒரே தணலில் முடிக்கலாம். இரண்டு வாய்க் காப்பிக்காகப் பற்றவைத்தால் தெண்டம். அதனால் அம்மா லெகோ அடுப்பில் முதலில் சாதம், பிறகு குழம்பு, பிறகு பருப்பு வேகவைப்பது, கடைசியில் குளிக்க வெந்நீர் என்று வரிசை வைத்திருந்தாள். வெந்நீர் கடைசியில் என்பதால் அப்பாவின் குளியல் நேரமே மாறிப்போனது.

19 மே

ஈயச்சொம்பு பற்றிக் கேட்ட அம்மணிக்கு: ரசம் வைத்த ஈயச்சொம்பு எங்கள் வீட்டில் நாலு. நாலும் ஒவ்வொன்றாக உருகியது. அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கிறவரைக்கும் பயமில்லை. காலிச் சொம்பைத் தணலில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போனால் திரும்பி வரும்போது அடுப்புக்குள் வெள்ளிக் குளம். மூன்றாவது சொம்பு போன அன்றைக்கு அம்மா சொன்னது: "ஐஸும் உருகுது, சொம்பும் உருகுது, இந்த வீட்டுல உருகாதது நான் ஒருத்திதான்."

நாலாவதை உருக்கியது நான். இன்றுவரை பழி அக்கா மேல். அக்கா, இதை உன் பெண் படித்துக் காட்டுவாள். மன்னிச்சுடு.

20 மே

கேஸ் 1978ல் வந்தது. பெயர் பதிந்து ஆறு வருஷம் காத்திருந்தோம். ஃப்ரிட்ஜ் 1984ல். 165 லிட்டர், மர ஸ்டாண்ட், பக்கத்தில் ஸ்டெபிலைசர், கதவுக்குப் பூட்டு. சாவி அம்மாவின் இடுப்பில். எல்லோரும் ஐஸ் தண்ணீருக்காக வாங்கினோம் என்றுதான் நினைத்தோம். ஒரு மாதத்தில் தெரிந்தது, வாங்கியது மாவுக்காக. அதுவரை ஆட்டுக்கல்லில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைத்தவள் வாரத்துக்கு ஒருமுறை அரைக்க ஆரம்பித்தாள். அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அந்த வருஷம்தான்.

22 மே

சாவு ஐஸ். இரண்டு பேர் விடாமல் கேட்டதால்.

1961 கோடையில் தாத்தா போய்விட்டார். சித்தப்பா டெல்லியில். தந்தி அடித்தோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி ஆகும். அதுவரை தாத்தாவை வைத்திருக்க வேண்டும். கைவண்டியில் ஐஸ் பாளம் வந்தது, நான் வாழ்நாளில் பார்த்ததிலேயே பெரியது. சாக்கை உதறியதும் முற்றமெல்லாம் மரத்தூள். கூடத்தில் பெஞ்சைப் போட்டு, தாத்தாவைக் கிடத்தி, அடியிலும் பக்கத்திலும் பாளத்தை வைத்தார்கள். உருகின தண்ணீருக்கு அண்டா. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டென்று சத்தம். வெளியே கத்திரி வெயில் காய்ந்த தெரு, உள்ளே கூடம் மட்டும் குளுகுளுவென்று. எனக்கு எட்டு வயது. அந்தக் கூடத்தைவிட்டு எழுந்துவர மனசே இல்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

யாரும் பார்க்காதபோது அந்த ஐஸில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மரத்தூள் ருசி. அறுபத்து மூன்று வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஜுர ஐஸை எத்தனையோ தடவை தூக்கி வந்திருக்கிறேன், ஒரு துண்டும் தின்றதில்லை. தாத்தாவுக்கு வந்ததைத் தின்றேன். போன வருஷம்கூட ஒரு துக்க வீட்டில் ஃப்ரீசர் பெட்டியைப் பார்த்ததும் வாயில் அந்தத் தூள் வந்தது.

23 மே, காலை

அக்கா ஆறு மணிக்கே கூப்பிட்டாள். சொம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீயா எடுத்தே? அவ்வளவு பெரிய பாளத்துல எட்டு வயசுல கையால எப்படிடா எடுப்பே? நான்தான் அம்மிக் குழவியால ஓரத்துல தட்டி உடைச்சேன். உனக்காக இல்லை, பாட்டிக்காக. முதல் நாள் காலையிலேர்ந்து அவளுக்குத் தண்ணிகூட உள்ள இறங்கலை. தொண்டை அடைச்சிருக்கு, இறங்கலைடின்னா. ஒரு துண்டை வாயில வெச்சேன். கண்ணை மூடிக்கிட்டு உறிஞ்சினா. இன்னொண்ணு கேட்டா. அப்ப நீ தூணுகிட்ட நின்னு எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே இருந்தே. மிச்சத்தை உன் கையில குடுத்தேன். நானும் ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

மரத்தூள் ருசி இருந்ததே என்றேன்.

"கழுவித்தான் குடுத்தேன்."